மூன்று செருகல்

9 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி எல்லாம் மண். இரண்டாம் தரம் அலசிப் போட்டேன்.

வேலை: கோமாரி வள்ளக்காரரின் நங்கூரக் கயிறு இரண்டு, நுனியை வளைத்துப் பின்னி ஒவ்வொரு கண். தென்னை ஏறுகிறவருக்குக் கால் வளையம் ஒன்று. கயிற்றுப் புரிக்குள் குத்துகிற மரமுளை மழுங்கிவிட்டது, சீவ வேண்டும்.

பி.ப. 4 இருக்கும். குசினியில் நின்றேன். கேட்டில் குரல்.

"ராத்தா, கண்ணு முழிச்சிட்டா?"

அகப்பை கை நழுவி விழுந்தது. பின்னக் கொடுத்த கயிற்றுக்குக் கண் முடிந்ததா என்று இப்படிக் கேட்கிறவர் ஒருவர்தான். மரம் வெட்டுகிற றம்சீன். அவர் மரத்தால் விழுந்து மௌத்தாகி இரண்டு வருடம்.

போய்ப் பார்த்தால் அவருடைய தம்பி இம்தியாஸ். குரல் அப்படியே அண்ணனுடையது. முன்பு இதைக் கவனித்ததில்லை. றம்சீன் நிற்கிற இடத்தில் இவர் கதைத்ததே இல்லை.

"காக்கா இப்பிடித்தானே கேப்பார்" என்றார். சிரிப்பு இல்லை.

சொப்பிங் பேக்கில் ஒரு கயிறு. வெள்ளை நைலோன், நீல நூல் ஓடியது. என் இரண்டு கையையும் விரித்தால் அதைவிட ஒரு முழம் கூட. ஒரு நுனியில் கண் இருக்கிறது, கறுப்பு டேப் சுற்றியபடி. மறு நுனி கத்தியால் வெட்டியது.

கேட்கத் தேவையில்லை. என் கைவேலை எனக்குத் தெரியும்.

"காக்காட இடுப்புக் கயிறு. அண்டைக்குச் சனம் ஓடி வந்து பட்டியயும் கயிற்றயும் வெட்டித்தானே ஆளத் தூக்கின. வெட்டின துண்டு கொப்புக் குப்பையோட எரிஞ்சி போயிட்டு. இதுதான் மிச்சம். வெட்டின பக்கம் புதுக் கண் ஒண்டு வேணும். பழைய கண்ணயும் ஒருக்காப் பாருங்க. சனிக்கிழம கோமாரில ஒரு பெரிய வாகை இரிக்கி."

"ஆரு ஏறுற?"

"நான்தான்."

முன்பு இவர் ஏறுவதில்லை. கீழே நிற்கிற ஆள். புதுக் கயிறு வாங்கலாமே என்றேன்.

"வேற கயித்துல ஏற மனம் வருகுதில்ல ராத்தா."

வெள்ளி ஜும்ஆ முடிந்து வருவதாகச் சொல்லிப் போனார். பேக்கை வாங்கி அரிசிச் சட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் தெரியாது.

10 ஜூலை, புதன்

காற்று. கறண்ட் இரண்டு தரம் போய் வந்தது.

வள்ளக்காரரின் கண் இரண்டும் முடிந்தன. கால் வளையமும். சுண்டுவிரல் நகம் பிளந்துவிட்டது. பேக்கைத் தொடவில்லை.

பாண் விற்கிற ஆட்டோவைச் சுற்றி ஆட்கள் கூடி நின்றார்கள். தோளில் கயிறு போட்ட ஒருவர், எனக்கு முதுகு. அவர் திரும்பு முன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன். பாண் வாங்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் இது எத்தனையாவது தரம்?

அன்வர் கேட்டார், "என்ன, பாண் இல்லாமப் போயிட்டா?" ஓம் என்றேன். புருசனிடம் பாணுக்குப் பொய்.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், றம்சீன் மௌத்தான அன்று, ஜனாசா வீட்டுக்குப் போனேன். பெண்கள் பக்கம் இருந்தேன். "கொக்கி பூட்டல்லயாம்", "தம்பிக்காரன்தானே மாட்டி உட்டவன்" என்று கதைத்தார்கள். இடுப்புப் பட்டியின் கொக்கியைத் தம்பி சரியாகப் பூட்டவில்லை, அதனால் கயிறு கழன்றுவிட்டது. அப்படித்தான் ஊர் முடிவு செய்தது. அதைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. பாரம் இறங்குவதுபோல. மையித்து இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது, எனக்கு அப்படி ஒரு ஆறுதல்.

கொக்கி, கொக்கி என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டேன்.

மஃரிப் தொழுகை மூன்று ரக்அத். மூன்றாவதில் இருப்பில் உட்காரும்போது எண்ணிக்கை தவறிப்போகிறது. அன்றிலிருந்தே.

11 ஜூலை, வியாழன்

காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றை எடுத்தேன்.

கண் பின்னும்போது நுனியை மூன்று புரியாகப் பிரித்து, வளைத்து, ஒவ்வொரு புரியையும் கயிற்றின் உடம்புக்குள் செருகிச் செருகிப் போகவேண்டும். தும்புக் கயிறென்றால் மூன்று சுற்றுச் செருகல் காணும், அது சொரசொரப்பு, தானே பிடிக்கும். நைலோன் வழுக்கும். ஐந்துக்குக் குறையக் கூடாது. வள்ளக்காரனுக்கே ஐந்து போடுகிறவள் நான். மரம் ஏறுகிறவன் இதை அடிமரத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு கண்ணையும் இடுப்பில் கொளுவி, முழு உடம்பையும் இதில் சாய்த்துத்தான் நிற்பான்.

டேப்பைப் பிரித்தேன். பசை இளகிக் கையெல்லாம் கறுப்பு.

எண்ணினேன். மூன்று.

மறுபடி எண்ணினேன். மூன்று. அதிலும் கடைசிச் செருகலின் வால் வெளியே இல்லை, உள்ளே இழுபட்டுக் கிடக்கிறது. கயிறு நகர்ந்திருக்கிறது.

இரண்டு கண்ணையும் ஒரே இருப்பில் பின்னினேன். இது மூன்றென்றால் எரிந்துபோன அதுவும் மூன்றுதான். கழன்றது அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு ஏன் மூன்று:
- ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள். வீடு நிறைய ஆட்கள்.
- விரலில் வெட்டு.
- கறண்ட் இல்லை.
- அவர் கேட்டில் நின்றார். பெருநாளுக்கு முன் ஒரு மரம் முடிக்க வேண்டும் என்றார்.
- டேப் சுற்றினால் தெரியாது.

முதல் நாலும் உண்மை. ஐந்தாவதுதான் காரணம். பெருநாள் கழிய வாங்கி மிச்சத்தைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பெருநாள் கழிந்தது. அவர் வரவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை. பதினாறு நாள் போனது. பிறகு ஜனாசா.

பகல் அன்வர் சோற்றுக்கு வந்தார். முன்னால் கயிற்றை வைத்துச் சொன்னேன். பிசைந்த கை சோற்றிலேயே நின்றது.

"மூண்டு போட்டா கழருமெண்டு நிச்சயமா?"

"நிச்சயமில்ல."

"அப்ப பாப்பம்."

பக்கத்து வீட்டில் கட்டட வேலை. இரண்டு சாக்கில் மணல் அள்ளி வந்தார். ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஆளின் பாரம் இருக்கும். மாமரக் கொப்பில் கயிற்றைக் கட்டி, கண்ணில் சாக்குகளைக் கொளுவினோம். தொங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அன்வர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோசம்.

"கொஞ்சம் தூக்கி உடுங்க" என்றேன். "மரத்தில நிக்கிறவன் அசையாம நிக்கமாட்டான்."

தூக்கி விட்டார். ஒரு தரம். இரண்டு தரம். புரி நகர்வதைக் கண்ணால் கண்டேன். புழு மண்ணுக்குள் போவதுபோல ஒரு வால் உள்ளே போனது. மூன்றாம் தரம் கண் இல்லை. சாக்கு நிலத்தில்.

கயிற்றில் ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. அறுந்தால் ஒரு சத்தம் கேட்கும், ஆள் உசாராவான். இது சும்மா விட்டுவிட்டது. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். சாய்ந்திருந்த முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒன்றுமே இல்லாமல்.

அன்வர் மணலில் குந்திவிட்டார். மணலைக் கையால் கூட்டிக்கொண்டே கதைத்தார்.

"புள்ள, இஞ்ச பாரு. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு போட்டு வடிவாப் பின்னிக் குடு. இனி அந்தப் பொடியன் விழமாட்டான். மௌத்தான மனுசன் மௌத்துத்தான். இதக் கிளறினா பொலிஸ், பள்ளிவாசல், ஊர்ப்பேச்சு. நமக்கும் ஒரு குமர் இரிக்கி."

சொன்னதில் பிழை தேட முடியவில்லை. கேட்ட வேலையைச் சரியாகச் செய்தாலே போதும், எல்லாம் அழிந்துவிடும். பொய் கூடச் சொல்லத் தேவையில்லை.

வெட்டிய நுனியில் புதுக் கண் பின்னினேன். ஐந்து செருகல், மேலதிகமாக ஒன்று. ஆறு. டேப் சுற்றவில்லை. மறு நுனியைக் கையில் எடுத்தேன். பிரிந்த மூன்று புரியும் குளித்துவிட்டுத் தலை விரித்த மாதிரி. மரமுளையைக் குத்தினேன், எடுத்தேன், குத்தினேன். முடியவில்லை.

12 ஜூலை, வெள்ளி

காற்று குறைவு. புழுக்கம்.

ஜும்ஆ முடிந்து இம்தியாஸ் நேரே வந்தார். வெள்ளைத் தொப்பி கழற்றவில்லை. பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். அன்வர் உள்ளே போய்விட்டார், நிற்கவில்லை.

இம்தியாஸ் புதுக் கண்ணைத் தடவிப் பார்த்தார். பிறகு மறு நுனி. "இது என்ன ராத்தா, கழட்டிப் போட்டிரிக்கி?"

சொன்னேன். நின்றபடியே. டேப், மூன்று, ஐந்து, மணல் சாக்கு. ஒழுங்காகச் சொன்னேனா தெரியாது. "கொக்கி இல்ல தம்பி, என்ட கண்தான்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"மறுகாச் செல்லுங்க."

மறுபடியும் சொன்னேன்.

பிளேன்டிக் கோப்பையை நிலத்தில் வைத்தார். ஒரு தரம் சரியாக வைக்கவில்லை, எடுத்து மறுபடி வைத்தார்.

"கொக்கியப் பூட்டினது நான்" என்றார். "கிளிக்கெண்டு சத்தம் கேட்ட. அண்டைக்குக் கேட்ட. மறுகா எல்லாரும் கேக்கக் கேக்க, அது முதல் நாள் கேட்ட சத்தமா, அண்டைக்குக் கேட்டதா எண்டு எனக்கே தெரியாமப் போயிட்டு. ரெண்டு வருசமா வீட்டுல சும்மா இருந்து கொக்கியப் பூட்டிப் பூட்டிப் பாக்கிறன். பொஞ்சாதி அத ஒளிச்சி வெச்சிட்டாள்."

கால் பட்டுவிடும் என்று கோப்பையை ஓரமாக நகர்த்தினேன்.

"மதினி என்ன வாசல் மிதிக்க உடல்ல. காக்காட மகள் ரோட்டுல கண்டா மற்றப் பக்கம் போறாள். நான்தான் அவட வாப்பாவக் கொன்ட எண்டு."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழும்பினார். முகம் வேறு முகம்.

"அந்தக் கயிறு ரெண்டு வருசம் என்ட வீட்டுச் சுவத்திலதான் தொங்கின. சாய்ந்தமருதுக்குள்ளதான். பத்து நிமிச நட. நீங்க ஏன் ராத்தா ஒரு நாளும் வந்து பாக்கல்ல?"

மூன்று செருகலுக்காவது ஐந்து காரணம் எழுதினேன். இதற்கு ஒன்றும் இல்லை.

கயிற்றை எடுக்காமல் போய்விட்டார். கேட்டைச் சாத்தவில்லை.

அன்வர் வெளியே வந்து, "என்னவாம்?" என்றார். ஒன்றும் இல்லையாம் என்றேன். இரவுக்கு யாரும் சாப்பிடவில்லை.

13 ஜூலை, சனி

எட்டரைக்கு ஆட்டோ வந்து நின்றது. இம்தியாஸ். கோமாரிக்குப் போகவில்லை.

"வாங்க. மதினிட்ட வந்து செல்லுங்க. நான் செல்லி நம்பமாட்டா."

அபாயாவைப் போட்டேன். அன்வர் தடுக்கவில்லை, "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டேன். மருதமுனைக்குப் போக வேண்டும். கல்முனைச் சந்தியில் ஒரே நெரிசல், ஆட்டோக்காரர் யாரையோ ஏசிக்கொண்டே போனார்.

றம்சீனின் பெண்சாதி சுல்பிகாவின் வீட்டில் தறி ஓடுகிற சத்தம் ரோட்டுக்கே கேட்டது. கல்யாணத்துக்கு முன் நானும் இந்த ஊரில் தறியில் இருந்தவள். சத்தத்தை வைத்தே தெரியும், நல்ல வேகமான கை. இம்தியாஸ் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே.

சுல்பிகா தறியை நிறுத்தினாள். என்னை விட எட்டு, பத்து வயது குறைவு. என்னை அடையாளம் தெரிந்தது. "கயிறு பின்னுற ராத்தாதானே? இரிங்க" என்றாள். பத்து வயது மகள் கதவோரம் நின்றாள். அவளைப் போகச் சொல்ல வாய் வந்தது. எந்த உரிமையில் சொல்வேன்?

மூன்றாம் ஆளிடம் சொல்கிறேன், அதனால் சுருக்கமாகச் சொன்னேன். கயிற்றின் இரண்டு நுனியையும் காட்டினேன்.

"எத்தின போட்டீங்க?"

"மூண்டு."

"எத்தின போடணும்?"

"அஞ்சு."

தறிக் கட்டையில் கை வைத்தபடி இருந்தாள். விரலில் நூல் சாயம், பச்சை.

"மூண்டுதான் எண்டு அவருக்குத் தெரியுமா?"

"இல்ல. மேல டேப் சுத்திக் குடுத்த."

"இழுத்துப் பாத்தாரா?"

"இல்ல. நான் பின்னினத அவர் ஒரு நாளும் இழுத்துப் பாக்கிறல்ல."

கத்துவாள், அடிப்பாள் என்று ஆட்டோவில் வரும்போது எண்ணியிருந்தேன். அடித்திருக்கலாம். சீலைத் தலைப்பால் கையிலிருந்த சாயத்தைத் துடைத்தாள், அது போகவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பி வாசலுக்குப் போய் நின்றாள். கேட்டுக்கு வெளியே தலை குனிந்து நிற்கிறவரைப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க" என்றாள். "உள்ள வாங்க."

அவர் அசையவில்லை. தனக்குத்தான் சொன்னது என்று விளங்கவில்லை.

"ஒங்களத்தான். வாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் அதே அளவு.

"நீங்க இப்ப போங்க."

கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் தறிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். வாசலில் அவருக்கு வழி விட்டு ஒதுங்கினேன். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். ரோட்டுக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. "சாச்சா" என்று சித்தப்பாவை ஒரு தரம், சந்தேகமாக. மறுபடி ஒரு தரம்.

வந்த ஆட்டோ காத்து நிற்கவில்லை. வேறு ஆட்டோவைக் கை காட்டவும் தோன்றவில்லை. கல்முனை வரைக்கும் நடந்தேன்.