கடுக்கன் போட்டவன் நான் இல்லை

கொழும்பு, 1936

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் ஹபீபுல்லாவின் சலாம். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உங்க முட்டுவலி தேவலையா?

நான் காது குத்திக் கடுக்கன் போட்டுக்கிட்டேன்னு அழுது எழுதியிருக்கீங்க. அடுத்த மாசம் திருச்சியில் நான் பாடப்போற கச்சேரிக்குப் பாலக்கரையில் ஒட்டின நோட்டீசில் இருக்கிறது நான் இல்லைம்மா! அச்சாபீசில் கிடந்த வேற எவனோ பாடகனோட பட பிளாக்கை என் பேருக்கு மேலே வச்சு அடிச்சிட்டான், படுபாவி! கிராமபோன் விளம்பரத்தில் எனக்குக் குல்லா, பாட்டுப் புஸ்தகத்தில் தலைப்பாகை, இப்போ கடுக்கன். ஒரு ஆளுக்கு எத்தனை முகம்?

இதோடு என் போட்டோவை வச்சிருக்கேன். அதை யார்கிட்டயாவது அச்சாபீசுக்குக் கொடுத்தனுப்பி, இனிமே எல்லாத்துக்கும் இந்த ஒரே முகம்தான்னு கண்டிச்சுச் சொல்லச் சொல்லுங்க. பிளாக் எடுத்ததும் போட்டோவைத் திரும்ப வாங்கி உங்க தலைமாட்டில் வைங்க. ஊர் ஏமாந்தது போகட்டும், பெத்த நீங்களுமா அவன் முகத்தைப் பார்த்து நான்னு அழுதீங்க?

தபாலுக்கு நேரமாச்சு.

ஹபீபுல்லா