உப்பு ஏரிக்குத் தண்ணீர் வந்தபோது

ஏப்ரல் 29, செவ்வாய்

தண்ணீர் கிளம்பிவிட்டது!

காலையில் தபால் வண்டியோடு கூலிபா பண்ணைக்குப் போய் மூட்டையைக்கூட இறக்கவில்லை, பண்ணைக்காரி நோலா கையெல்லாம் மாவோடு ஓடிவருகிறாள். "க்ளெனிஸ், வடக்குப் பண்ணையில இருந்து போன்! 'எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயாச்சு, உங்க பக்கம் அனுப்பிவெச்சிருக்கோம்'னு சொன்னாங்க!"

இந்த ஆற்றங்கரையில் வெள்ளத்தைப் பற்றி இப்படித்தான் பேசுவோம், விருந்தாளியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிற மாதிரி. குவீன்ஸ்லாந்தில் எப்போதோ பெய்த மழை. காய்ந்த ஆற்றில் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து, வழியில் இருக்கிற ஒவ்வொரு மடுவையும் நிரப்பி, அதற்கப்புறமும் தெம்பு மிச்சமிருந்தால் லேக் ஆர்டன் என்கிற காய்ந்த ஏரியின் வெள்ளை உப்பில் போய்ச் சேரும். பெரும்பாலும் சேராது, வழியிலேயே மண் குடித்துவிடும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தது. நான் அப்போது அடிலெய்டில், முட்டி ஆபரேஷன் முடிந்து, காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தேன். திரும்பி வந்தால் ஊரெல்லாம் அதே பேச்சு. வாழ்நாள் முழுக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த என்னிடம் மட்டும் ஒரு படம் இல்லை. இந்தத் தடவையும் விட்டால் அடுத்ததற்கு நான் எழுபதைத் தாண்டியிருப்பேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். உப்பைத் தொடுகிற முதல் தண்ணீர். பழுப்பு நாக்கு, வெள்ளைத் தரை, வானம். ஆள் கூடாது, டயர் தடம் கூடாது. நான் எடுத்த எந்த நிலப் படத்திலும் ஆள் கிடையாது. ஆள் வந்து நின்றால் கண் அவன்மேல்தான் போகும், நிலத்தை யாரும் பார்ப்பதில்லை.

மே 1, வியாழன்

என் வீட்டுக்காரன் மெர்வ் பெட்ரோல் பம்ப்பில் நின்றுகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறான்: "என் பொண்டாட்டி கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிக் குதிக்கல." உண்மைதான்.

மே 3, சனி

ஆறு ஏரியில் சேருகிற இடம் லிண்ட்ஸே நாஸ்கியின் மாட்டுப்பண்ணையில் இருக்கிறது. சிக்கலே அதுதான். முன்பெல்லாம் அவன் மனைவி ஏவிஸ் வருகிறவர்களை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்புவாள். அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கேமராக்காரன் ஒருவன் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, இரண்டு மந்தை ஒன்றாய்க் கலந்து, பிரிப்பதற்குள் லிண்ட்ஸே பாதி உயிராகிவிட்டான். அன்றிலிருந்து யாருக்கும் அனுமதி இல்லை.

போன் செய்தேன்.

"படம் பிடிக்கவா? முடியாது."

"எத்தனை வருஷமா உனக்குத் தபால் கொண்டுவர்றேன், லிண்ட்ஸே!"

"பில்லுதானே கொண்டுவர்றே."

நான் விடவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி கெஞ்சினேன். கடைசியில் ஒரு பெருமூச்சு. "கேட்டை என்ன பண்ணுவே?"

"இருக்கிறபடியே விடுவேன். நான் என்ன நேத்து வந்தவளா?"

இங்கே கேட் விஷயத்தில் ஒரே சட்டம். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. ஏன் என்று கேட்கக் கூடாது, பண்ணைக்காரனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நாங்கள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுகிறோம்.

"சரி, அடுத்த சனிக்கிழமை வா, இடத்தைக் காட்டுறேன். வாயை மூடிக்கிட்டு வரணும்."

வாயை மூடிக்கொண்டேன். போனை வைத்த பிறகு கத்தினேன். நாய் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

மே 10, சனி

பார்த்துவிட்டேன். இடம் பார்த்துவிட்டேன்! ஆறு கடைசி மணல்மேட்டைச் சுற்றி வளைந்து, கரை தாழ்ந்து, நேரே உப்பில் இறங்குகிறது. மேற்குக் கரையில் சின்ன திட்டு ஒன்று, முக்காலி நடுவதற்கென்றே செய்தது போல. லிண்ட்ஸே வண்டியை விட்டு இறங்கவேயில்லை. வழியெல்லாம் ஜன்னல் வழியாகக் கண்டதையும் எடுத்துத் தள்ளினேன்: வேலி, மாடு, மேடு, பள்ளம், அவன் காது.

"தண்ணியே இல்லாத எடத்தை இத்தனை படமா?"

"வாயை மூடிக்கிட்டு வரச்சொன்னது என்னையா, உன்னையா?"

சிரிக்கவில்லை. ஆனால் மீசை அசைந்தது.

மே 12, திங்கள்

நோலா போன்: "எங்க வீட்ல டீ குடிச்சிட்டு இப்பத்தான் கிளம்புனாரு. வியாழக்கிழமை ஏரிக்கு வந்துருவாரு!"

மே 13, செவ்வாய்

தபால் நாள். லிண்ட்ஸே வீட்டில் இல்லை, வடக்கு வேலிப் பக்கம் வேலையாம். கிழக்குக் கரையில் ஆற்றோரக் கேட் மூடியிருந்தது. திறந்தேன், போனேன், தபாலைப் போட்டேன், திரும்பும்போது மூடினேன். வானத்தில் பெலிக்கன்கள்! கடலை விட்டு இத்தனை தூரம், வரிசையாக, ஏரியைப் பார்த்து. இவற்றுக்கு யார் போன் செய்கிறார்கள்?

மே 15, வியாழன், காலை

ஏரி வாய், மேற்குக் கரை. முக்காலி நட்டாயிற்று. காற்று இல்லை. மேகம் நான் சொல்லிவைத்தது போல. தண்ணீர் மதியத்துக்கு மேல்தான் வரும். பொழுது போகவில்லை, சனிக்கிழமை எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் —

இது என்ன?

அதே நாள், மாலை

எங்கிருந்து தொடங்குவது. சனிக்கிழமைப் படம் ஒன்றில், மாடுகளுக்குப் பின்னால், ஆற்றோரக் கேட். விரியத் திறந்து, கம்பத்தோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. லிண்ட்ஸே கட்டியது. தண்ணீர் வந்தால் தாழ்வில் மேய்கிற மாடுகள் மேட்டுக்கு ஏறிப்போக அதை விட்டால் வேறு வழி கிடையாது. செவ்வாய்க்கிழமை அது மூடியிருந்ததே! எந்தப் புண்ணியவானோ நல்லது செய்வதாக நினைத்துக் கம்பியை அவிழ்த்து மூடியிருக்கிறான். நானும் மூடியிருந்ததை மூடிவிட்டு சமர்த்தாக வந்திருக்கிறேன். இந்த ஊர்க்காரி என்பதால்தான் இந்தத் தப்பு. வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் மறந்துபோய்த் திறந்தே விட்டிருப்பேன்.

வண்டி ரேடியோவில் லிண்ட்ஸேயைக் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். கேட் அக்கரையில், ஆற்றோடு மேலே போக வேண்டும். காய்ந்திருக்கும்போதே ஆற்றைத் தாண்டிவிடலாம், ஆனால் தண்ணீர் வந்த பிறகு இக்கரைக்குத் திரும்ப முடியாது. போனால் படம் போச்சு. போகாவிட்டால் அத்தனை மாடும் வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே சேற்றில். அய்யோ, ஏன் இன்னிக்கு, ஏன் எனக்குன்னு கத்தினேன். கத்திக்கிட்டே வண்டியை எடுத்தேன். முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது.

கேட்டுக்குப் போனால் தண்ணீர் ஏற்கெனவே புல்லுக்குள் பரவிக்கொண்டிருந்தது. மாடுகள் வேலியோரம் முட்டிமோதிக்கொண்டு கத்தின. கேட்டைத் திறந்தேன். ஒன்றாவது நகர வேண்டுமே! சுற்றிப்போய்ப் பின்னால் நின்று தொப்பியை வீசி, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன். பிறகு ஒரு கிழட்டுப் பசு என்னை அலட்சியமாகப் பார்த்துவிட்டு வெளியே நடந்தது. மற்றவை அதன் பின்னால்.

கடைசி மாடு மேடேறும்போது லிண்ட்ஸே நாலு சக்கர பைக்கில் பறந்துவருகிறான். முகம் சிவந்து.

"கேட்டை யாரு மூடினது?"

"நான் இல்ல. செவ்வாக்கிழமை மூடியிருந்துச்சு. மூடிட்டுப் போனேன்."

மாடுகளைப் பார்த்தான். முழங்கால் வரை சேறாக நின்ற என்னைப் பார்த்தான்.

"நீ இந்நேரம் அந்தக் கரையிலல்ல இருக்கணும்?"

"இருக்கணும்தான்."

"அப்புறம் இங்க நின்னு ஏன் அழுதுக்கிட்டிருக்கே? ஏறு."

"ஆறு வந்துருச்சே —"

"ஆத்தை யாரு தாண்டுறா? மணல்மேட்டு மேலயே போனா இந்தக் கரையில இருந்தே ஏரி வாய்க்கு இறங்கலாம். கெட்டியாப் பிடிச்சுக்கோ. விழுந்தா திரும்பிவந்து பொறுக்க மாட்டேன்."

அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு அவன் முதுகைக் கட்டிக்கொண்டேன். மணல்மேடுகள் ஏறி இறங்கி, நான் கத்த, அவன் இன்னும் வேகமாக விட — வாய்க்கு வந்து சேர்ந்தபோது தரை இன்னும் காய்ந்திருந்தது. முந்திவிட்டோம்!

பிறகு வந்தது. முதலில் எறும்புகள், சிலந்திகள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்புறம் சுள்ளியும் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, வளைவைச் சுற்றி, அவசரமே இல்லாமல். வெடிப்புகளுக்குள் இறங்கும்போது தரை குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. நான் அழுதுகொண்டே சட்டகம் பார்த்தேன். உப்பின் விளிம்பு, வானம், எல்லாம் சரி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் —

லிண்ட்ஸே உள்ளே நடந்து போகிறான்.

"லிண்ட்ஸே! வெளிய வா! படத்துல விழுறே!"

காதில் விழவில்லையா, விழுந்தும் வரவில்லையா, தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு நாலடி முன்னால், அதன் வேகத்திலேயே நடந்து உப்பில் இறங்கினான். நடுவிலாவது நடந்தானா? அதுவும் இல்லை, இடப்பக்கமாக ஒதுங்கி, அத்தனை இடத்தையும் காலியாக விட்டுவிட்டு. நான் கத்தினேன், எடுத்தேன், கத்தினேன், எடுத்தேன். அவன் ஒதுங்கி நின்றபோது தண்ணீர் பரந்து தலையும் வாலும் இல்லாமல் ஆகிவிட்டது.

மே 16, வெள்ளி

ஒண்ணுகூட இல்ல. நல்லா வந்த ஒவ்வொரு படத்துலயும் அந்த மனுஷன்! பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது நாஸ்கியோட முதுகைப் பாக்கவா? நன்றி சொல்லணும்னும் தெரியுது, கழுத்தை நெரிக்கணும்னும் தோணுது.

மே 20, செவ்வாய்

மெர்வ் சொன்னான், "கம்ப்யூட்டர்ல ஆளை அழிச்சுடலாமே, ரெண்டு நிமிஷ வேலை." அழித்துப் பார்த்தேன். சுத்தமாகப் போய்விட்டான். நான் நினைத்துவைத்திருந்த படம், அப்படியே.

செத்துக் கிடந்தது. தண்ணீர் எவ்வளவு பெரிது என்று தெரியவில்லை, எங்கே போகிறது என்று தெரியவில்லை. மறுபடி அவனைக் கொண்டுவந்தேன். உடனே தண்ணீர் நகர ஆரம்பித்துவிட்டது! வீட்டை மூன்று தடவை சுற்றி வந்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல படம் இதுதான், இதில் ஒரு ஆள் இருக்கிறான். சிரிப்பதா என்ன செய்வது? மெர்விடம் காட்டினேன். அவன் ஒன்றும் கேலி செய்யவில்லை, அதிலேயே தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

மாவட்டக் கண்காட்சி. நிலக்காட்சிப் பிரிவில் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு காற்றாலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்கு. வருஷா வருஷம் அதற்குத்தான் போகிறது. என் படத்துக்குக் கீழே நடுவர் அட்டையில் எழுதியிருந்தார்: "வலப்பக்கம் வெற்றிடம் மிக அதிகம். அதை வெட்டியிருந்தால் ஆள் நடுவில் வந்திருப்பார்." எனக்கும் முதல் நாள் அதே எரிச்சல்தானே. சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மதியம் லிண்ட்ஸே வந்தான். கண்காட்சிப் பக்கமே வராதவன், இஸ்திரி போட்ட சட்டையில். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். குனிந்து அட்டையைப் படித்தான், மறுபடியும் படித்தான்.

"இந்த நடுவர் எந்த ஊரு?"

"அடிலெய்ட்."

"ம்."

தொப்பியைக் கழற்றி, படத்தின் வலப்பக்கத்தை அதன் விளிம்பால் காட்டினான். "அந்தப் பக்கம் ஏவிஸ் நடப்பா. தண்ணி வந்தப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் உப்பு வரைக்கும் கூடவே போவோம்."

நான் படத்தின் வலப்பக்கத்தைப் பார்த்தேன்.

"வெட்டிடாதே, க்ளெனிஸ்."

"வெட்டல."

தலையாட்டிவிட்டு, இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கப் போனான். வரிசை நீளமாக இருந்தது. நானும் போய் அவன் பின்னால் நின்றேன்.