சர்க்கரை போடாத காப்பி

நாள் 61, காலை 8.10
நிலவு ஆய்வு நிலையம்

சாப்பிட்டது: கேழ்வரகுக் களி, உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு. வயிறு நலம். காப்பி தொடவில்லை. டாக்டர் சௌதாமினி சர்க்கரை போடாமல் குடிக்கிறார். கஷாயம் தோற்றுவிடும்.

இதை எழுதியது நானே. அருளாந்து, வேம்பாரில் வலை வீசியவன். பூமியில் இருந்தவரை கைநாட்டு. இங்கே சுவரில் பேசும் எந்திரத்திடம் எழுத்துப் படித்தேன். ‘ழ’ போட்டு முடித்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

இங்குள்ளவர்களுக்குப் பொட்டலச் சாப்பாடு செரிக்கவில்லை. என் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் எதையும் செரிக்குமாம். அதற்காகத்தான் என்னை இங்கே கூட்டிவந்தார்கள். டாக்டர் அவற்றைச் சிவப்பு மாத்திரையாக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கிறார். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல. நான்தான் உறைமோர்! எனக்கு மட்டும் நீல மாத்திரை. வெறும் சத்து என்கிறார்.

பூமிக்குப் போகும் அடுத்த கப்பலில் ஒரே இருக்கை. அது எனக்கு. மகள் ரெஜினாளைப் பார்க்க ஏங்குகிறேன். அவள் பெயரை எழுதும்போது கை நடுங்குகிறது.

நாள் 66, காலை 9.00

களி. வயிறு நலம். நார்த்தங்காய் ஜாடி பாதியாகிவிட்டது!

எந்திரம் பழுதுபார்க்கும் பொள்ளாச்சிக்காரன் மயில்சாமி மேல்தான் சந்தேகம். முன்பெல்லாம் ஜாடியைத் திறந்தாலே மூக்கைப் பொத்துவான்.

“ஏலே, என் ஜாடில கைய வச்சது நீதானே?”

“நானுங்களா? சாமி சத்தியமா இல்லீங்கய்யா.”

சத்தியம் செய்த வாயில் நார்த்தங்காய் வாசம்.

நாள் 70, பகல் 1.20

மயில்சாமி சன்னலில் நின்று பூமியின் நீலத்தையே பார்க்கிறான்.

“ஏனுங்கய்யா, உங்க வூட்டுல படுத்தா அலைச் சத்தம் கேக்குமுங்களா?”

கடலில் கால் நனைத்ததே இல்லை என்று முன்பு சொன்னவன். என் இருக்கைக்குக் குறி வைக்கிறான். ஓடிப்போய்ப் பயணிகள் பலகையைப் பார்த்தேன். ‘அருளாந்து’ என்றுதான் இருந்தது. இரண்டு முறை படித்தேன். ஒன்று சந்தேகத்துக்கு, ஒன்று சந்தோஷத்துக்கு.

டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார்.

“உங்க உயிருங்க அவர் வயித்துல இருக்குல்ல ஐயா, உங்க ஆசையும் கூடவே போயிருக்கு. என் ஆராய்ச்சியே அதுதான்.”

“ஒங்களுக்கு ஊரு ஆசை வராதாம்மா?”

“எனக்கு இங்கதான் நிம்மதி. திரும்பிப் போகவே தோணல” என்று காப்பியை உறிஞ்சினார்.

நாள் 75, காலை 8.30

சாப்பிட்டது: களி கொஞ்சம். டாக்டரின் காப்பியை வாசத்துக்காக ஒரு வாய் குடித்தேன். பிறகு மூன்று டம்ளர்.

நார்த்தங்காய் கரிக்கிறது. ஜாடியை மயில்சாமிக்கே கொடுத்துவிட்டேன். கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஏன் கொடுத்தேன்? இன்று முதல் என்னையும் கவனிக்கிறேன்.

நாள் 79, காலை 10.00

கப்பல் வந்தது. மயில்சாமி அழுதான். “நீயே போடா” என்றது என் வாய். பலகையில் என் பெயரை நானே அழித்து அவன் பெயரை எழுதினேன். பிழையில்லாமல்.

காலை 10.50

கப்பல் கிளம்பியபின் டாக்டரிடம் கேட்டேன். “அந்த நீல மாத்திரையில என்னம்மா இருக்கு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ரெண்டு பக்கமும் மாத்திப் பாத்தாத்தானே ஐயா தெரியும். உங்களுக்குக் குடுத்தது என் வயித்து உயிருங்க.”

கோபப்பட வேண்டிய இடம் இது. எனக்குத் தெரிகிறது. தேடிப் பார்க்கிறேன், கோபம் கிடைக்கவில்லை. இங்கே நிம்மதியாக இருக்கிறது.

நாள் 80, காலை 8.15

கப்பலிலிருந்து மயில்சாமியின் குரல் வந்தது.

“ஐயா, ரெஜினாளக்காகிட்ட பேசிட்டனுங்க. சாளை மீன் கொழம்பு வெக்கறேன்னு சொன்னாங்க. கேட்டதுமே கண்ணுல தண்ணி வந்துருச்சுங்கய்யா.”

எனக்கு வரவில்லை.

நாள் 61ஐ எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். மகளைப் பார்க்க ஏங்குகிறேன் என்று இருக்கிறது. ரெஜினாள் என்ற இடத்தில் எழுத்து நடுங்கியிருக்கிறது. ஆகவே பொய்யாக இருக்காது.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை நம்புங்கள். இந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

ரெஜினாள். ரெஜினாள். ரெஜினாள்.

கை நடுங்கவில்லை. எழுத்து அழகாக வருகிறது.

காப்பி வந்துவிட்டது.