மணலை நேசிக்கிறவர்

1936 ஜூலை 11, சனி

மழை. அலமாரியில் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைச் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கிறது. இப்படிப்பட்ட நாளில் திருவனந்தபுரத்துக்காரர்கள் கூடிப் பார்க்கவேண்டியது பாலைவனம்தான் என்று ராஜையன் சார் தீர்மானித்திருந்தார்.

ராஜையன் சாருக்கு சர்க்காரின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம். வயது முப்பத்தெட்டு, பிரம்மச்சாரி, கணீரென்ற குரல். மெட்ராஸுக்கு வடக்கே போனதில்லை. சபை மண்டபத்தில் மேஜிக் லாந்தர் வைத்து ஜெய்சல்மேர் கோட்டையைத் திரையில் எழுப்பினார். "பொன்னால் செய்த நகரம்" என்றார். "அங்கே விருந்தாளிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் ஒரு ராஜ்யத்தையே கொடுத்ததாக்கும்" என்றார். ஒட்டகம் ஒன்று தலைகீழாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அப்படியும் நடக்கும்போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கூரை ஒழுகிப் பாஸ்டர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்தபடியே அவர் தாகத்தால் வாடுகிறவர்களுக்காகக் கண்கலங்கினார்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள். பாலைவனம் எனக்கு மஞ்சள் சாக்பீஸ். முன்வரிசையில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் ஜன்னலாகச் செதுக்கிய ஒரு வீட்டின் படம் வந்தபோது மட்டும் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கல்லைச் சரிகை மாதிரி நெய்திருக்கிறார்கள்.

ஜூலை 12

அம்மா விசாரித்துவிட்டாள். "குரல் நல்லாருக்கு. வேலை நல்லாருக்கு. மணலை விட்டா வேற கெட்ட பழக்கம் கிடையாதாம்."

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார். என்னைப் பார்த்த நேரம் குறைவு. சுவரில் மாட்டியிருந்த இந்தியா படத்தில் ராஜபுதானாவைப் பார்த்த நேரம் அதிகம்.

"கல்யாணம் முடிஞ்சா நேரே ஜெய்சல்மேர். ஒரு மாசம். இது என் வாக்காக்கும்."

அம்மாவுக்குத் திருநெல்வேலிக்குத் தெற்கே, தேரிக்காட்டோரம் பிறந்த ஊர். "மணல் பாக்கவா அம்புட்டு தூரம்? எங்க ஊர்ல செவச்செவன்னு மணல் மலை மலையாக் கெடக்கு. அதைப் பாக்க ஒருத்தரும் டிக்கெட் எடுக்கக் காணமே."

"அது வேற, மாமி. இதுல சரித்திரம் உண்டல்லோ."

அவர் போனபிறகு பெரிய டீச்சரை நினைத்துக்கொண்டேன். கல்யாணமானவளுக்கு எங்கள் பள்ளியில் இடமில்லை. ஜனவரியில் முடிவு சொல்லவேண்டும். தராசின் ஒரு தட்டில் பத்து வருஷ வேலை. மறு தட்டில் ஒரு மனிதரும் அவருடைய ஒட்டகமும். ஒட்டகம் கனமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 19

நூலகத்திலிருந்து ராஜபுதானா பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்துவந்தேன். சார் சொன்னதில் பிழை கண்டுபிடிப்பதற்கு.

அக்டோபர் 3

பிழைகள் கிடைத்துவிட்டன. புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.

நவம்பர் 14

சார் சாலைக் கடைத்தெருவில், வெயிலுக்குத் துரைமார் போடுகிற சோலார் தொப்பி வாங்கியிருக்கிறார். இன்று ஐப்பசித் துலா மழையில் அதைத் தலையில் வைத்து, தொப்பி நனையாமல் மேலே குடையும் பிடித்துக்கொண்டு பழவங்காடியில் வந்தார். எதிரே வந்த வண்டிக்காரன் காளையை நிறுத்தி வழிவிட்டான். மரியாதையா, பயமா, சொல்வதற்கில்லை.

என்னைக் கண்டதும், "பழகிக்கொள்ள வேண்டாமா?" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "பழகணும்னா கிறிஸ்மஸ் லீவுக்கு நம்ம ஊருக்கு வரச் சொல்லு. ஓசியிலேயே பழகலாம்" என்றாள்.

டிசம்பர் 28, திங்கள். அம்மாவின் ஊர்.

வந்தார். தன் அக்காளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தொப்பியோடு. தங்கல் ஞானப்பூ சித்தி வீட்டில். அம்மாவின் தங்கை.

கிணறு மணலுக்கு அந்தப் பக்கம். சித்தி விடிவதற்குமுன் போய்வந்து கொல்லையில் குடங்களை வரிசையாக வைத்திருந்தாள். வீட்டுக்கு, மாட்டுக்கு, சமையலுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. சார் எழுந்தார், எண்ணெய் தேய்த்தார், கொல்லைக்குப் போனார். திருவனந்தபுரத்தில் பிறந்தவருக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்தது தினசரி ஸ்நானம். பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். பிறகு வேட்டியை அலசினார். பிறகு தலையை நீட்டி, "இன்னும் ரெண்டு குடம் கிட்டுமா?" என்றார்.

ஒரு செம்பு ஒரு ராஜ்யம் என்றால், இன்று காலை கொல்லை வாழைக்கடியில் பல பேரரசுகள் ஓடி மறைந்தன.

சித்தி காலிக் குடங்களைப் பார்த்தாள். "மாப்பிள்ளை கட்டிக்கப்போறது மணலைன்னு சொன்னிய. வாழுறது தண்ணியோடல்லா!"

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். சித்தி மறுபடி கிணற்றுக்குக் கிளம்பினாள். நானும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது மணல் சும்மா இருந்தது. வரும்போது கால் வெந்தது. பாதிக் குடம் என் முதுகில் சிந்தியது. சித்தி குடத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை, வழியெல்லாம் பேச்சும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது சார் நிழலில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். "சுகமான காற்று" என்றார்.

சாயங்காலம் தேரிக்குப் போனோம். முதல் பனை நிழலுக்கு அப்பால் அவர் வரவில்லை. செருப்புக்குள் மணல் புகுந்துவிட்டது.

அம்மா ஒரு மேட்டைக் காட்டினாள். "எங்க அப்பா பொறந்த வீடு இதுக்கு அடியிலதான் கெடக்கு. பழைய சர்ச்சும் கெடக்கு. ஆடிக் காத்துல மணல் வர ஆரம்பிச்சது. கொஞ்சங் கொஞ்சமா மூடிட்டு. எல்லாரும் பைபிளையும் கதவையும் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டோம்."

சார் மேட்டை மரியாதையாகப் பார்த்தார். "கோட்டை மாதிரி ஒண்ணும் இல்லியா, மாமி?"

"இருந்தா அதையும் மூடியிருக்கும், மாப்பிள்ளை."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினேன். சூரியன் இறங்கும்போது மணல் சிவப்பிலிருந்து வேறொன்றாக மாறுகிறது. அந்த நிறத்துக்கு எந்த சாக்பீஸும் கிடையாது. முப்பது வயசாகுது. எத்தனை லீவுக்கு இங்க வந்திருக்கேன்? ஒரு நாளாவது ஏறினேனா? அந்த மனுசன் சொல்லித்தானே மணல்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சுது — அவருக்கு ஏன் தெரியலை? அவர் குளிச்சதுக்காகவா நான் அழறேன்? சீ.

1937 ஜனவரி 9, சனி

சார் வந்தார். தொப்பி இல்லை.

"ஆலோசிச்சுப் பாத்தேன். இப்போ அவ்வளவு தூரம் வேண்டாம். அங்கே குளிக்கச் சௌகரியம் இல்லைன்னு கேள்வி. பாலைவனத்தைப் படத்துல பாக்கறதுதான் அழகு. கல்யாணம் முடிஞ்சு விழிஞ்ஞத்துக்குப் போவோம். அங்கேயும் மணல் உண்டல்லோ. கடலும் உண்டு."

இவ்வளவு நேர்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கணம் அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று.

"சார், எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது" என்றேன்.

அவர் சற்றுநேரம் சுவரில் ராஜபுதானாவைப் பார்த்தார். "அடுத்த மாசம் என் பிரசங்கத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். அவர் முகத்தில் நிம்மதி.

அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள். "போட்டும் ஏட்டி. ஞானப்பூக்கு ரெண்டு நடை மிச்சம்."

ஜனவரி 11

பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "நல்ல வரன் ஆயிற்றே, என்ன குறை?" என்றார். "சுத்தமானவர்" என்றேன்.

பிப்ரவரி 20

ராஜையன் சார் சகாராவுக்கு முன்னேறிவிட்டார். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒட்டகம் இந்த முறை நேராக நின்றது. எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

செப்டம்பர் 5

அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே: "ஏட்டி, அந்த மணல்ல அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு நடை பாத்துட்டு வந்துருவமா?"

நூலகப் புத்தகங்களை மறுபடி எடுத்துவந்தேன். பிழை பார்ப்பதற்கு அல்ல.

டிசம்பர் 27, திங்கள். ஜெய்சல்மேர்.

ரயில் பார்மேரோடு கைவிட்டது. மீதித் தூரம் லாரி. அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து சங்கீதம் பாடிக்கொண்டே வந்தாள். லாரிக்காரன் கிளீனரிடம் ஏதோ சொல்ல, இருவரும் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டார்கள். ஒப்பாரி என்று நினைத்திருப்பார்கள்.

கோட்டை பொன்னால் செய்ததல்ல. மஞ்சள் கல். பக்கத்தில் போனால் சாணி நாற்றம். ஒட்டகம் ஒன்று என்னைக் கச்சேரிச் சிரஸ்தார் மனுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயில் சாயும்போது மட்டும் கொஞ்சநேரம்... சரி, சார் சொன்னது முழுப் பொய் இல்லை. இதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை.

ஜோத்பூரில் நர்ஸாக இருக்கும் நாகர்கோவில் பெண் சொல்லிவிட்ட வீட்டில் தங்கல். வீட்டுக்காரம்மாள் எங்கள் இருவருக்கும் ஒரு பானைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் சோப்பையும் துண்டையும் எடுத்தேன். அம்மா என் கையில் ஒரு தட்டு தட்டினாள். முந்தானை நுனியை நனைத்து முகம் துடைத்தாள், கழுத்து துடைத்தாள். ஒரு கை அள்ளிக் கால் கழுவினாள், கழுவிய நீரைச் சட்டியில் பிடித்தாள். சட்டியை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்து ஆட்டின் முன்னால் வைத்தாள். பானையைத் திரும்ப மூடினாள்.

வீட்டுக்காரம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒருத்திக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. மற்றவளுக்கு அவள் பாஷையைத் தவிர ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கும்வரை பேசினார்கள்.

"அப்படி என்னம்மா பேசினீங்க?"

"உங்க ஊர்ல தண்ணி எம்புட்டு தூரம்னு கேட்டா. சொன்னேன்."

நான் ஊரை விட்டுக் கிளம்பியபிறகு ஒழுங்காகக் குளிக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இது வெளியே தெரியவேண்டாம். நாளை காலை, சாரின் திரையில் பார்த்த அந்த ஜன்னல் வீட்டுக்குப் போகிறோம்.