வத்தல் அக்கா

மாசி 3, சனி

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கிற வெயில். மல்லாங்கிணறு பக்கத்துப் புது மிளகாய் வத்தல் வரத் தொடங்கிவிட்டது. ஈரம் போகாமல் கொண்டுவந்து தள்ளுகிறார்கள். சொன்னால் கோபம் வேறு.

தம்பி மதுரைக்கு. கடையில் நான் மட்டும். இன்றைய வேலை: கோல்டு ஸ்டோரேஜில் இடம் கேட்க. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ. பத்தாவது பாகம்.

கடைசி வேலை மட்டும் நடந்தது. மதியம் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தாய்லாந்துத் தொடர். இரண்டு பையன்களின் காதல். அதைப் பார்க்கிறவர்களின் போன் குழுவில் அதற்குப் ‘படகுத்துறை’ என்று பெயர். கெம், அப்பாவின் கருவாட்டு மொத்தக் கடையில் உட்காருகிறவன். பான், படகு ஓட்டுகிறவன். இந்த வாரம் கெம்முக்குப் பெண் பேசிவிட்டார்கள். மழை, அழுகை, பாட்டு.

குழுவில் நான் எழுதியது: “கருவாட்டை மோந்து பாக்காமலே எடுத்து அடுக்குறான். இவன் எந்த ஊரு மொத்த யாவாரி? கல்லாவுல உக்காந்து அழுதா சரக்கை யார் பாப்பா?”

உடனே தேன்மொழி: “வத்தல் அக்கா வந்தாச்சு. இனி யாருக்காவது லவ் சீன் ஞாபகம் இருக்குமா?” தேன்மொழிதான் குழுவை நடத்துகிறவள். அருப்புக்கோட்டையில் டீச்சர். அவளுக்குப் பின்னால் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக.

வத்தல் அக்கா நான்தான். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, பஜாரில் வத்தல் கடை. இந்த மாதிரித் தொடர் வீடியோ ஒன்றுக்குக் கீழே ‘முண்டு வத்தல்’ என்ற பெயரில் நாலு வரி எழுதினேன். பென்சில் என்று பெயர் வைத்திருந்த ஒரு பிள்ளை, “அக்கா, எங்க குழுவுக்கு வாங்க” என்றாள். போனேன். பெண்கள் மட்டும் என்று மேலேயே போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் போனேன். நான் ஆம்பளை என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஒரு பேச்சு சுவாரசியமாக ஓடிக்கொண்டிருக்கும்.

மாசி 4, ஞாயிறு

கடை லீவு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல். அதே பாகம் மறுபடி. துணி எடுக்க வந்த கோமதி (தம்பி சம்சாரம்) பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். தெரியவில்லை.

“என்ன அத்தான், இந்தப் படத்துல பொம்பளையே கிடையாதா?”

“அம்மா ஒருத்தி வருவா.”

“அதானே. சோறு பொங்க ஆள் வேணும்ல.”

போவாள் என்று பார்த்தால் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரன் நல்ல பையனாகத் தெரிகிறான், முகம் ஏன் வாடிக்கிடக்கிறது என்று கேட்டாள். கடைக்காரனுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்றேன். “அடப்பாவமே” என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் பென்சிலிடமிருந்து வேலை. அவள் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைன் செய்கிறவள், பட்டாசுப் பெட்டி லேபிள். தொடருக்குத் தமிழ் எழுத்துப் போடுவதும் அவள்தான். கடை வசனம் வந்தால் எனக்கு அனுப்புவாள். “‘மிகவும் தரமான பொருள்’னு போட்டுருக்கேன். சரியாக்கா?”

எந்தக் கடைக்காரனும் அப்படிப் பேசமாட்டான். ‘சரக்கு கையில நிக்காது, பறந்துரும்’ என்று மாற்றிக் கொடுத்தேன். நெஞ்சுப் படம் அனுப்பினாள். அந்த நெஞ்சுப் படத்துக்காக நாள் பூராவும் வசனம் திருத்தலாம்.

மாசி 6, செவ்வாய்

வந்தது வினை. கடைசிப் பாகத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டுமாம். நடுவில் இருக்கிற ஊர் விருதுநகர். மாசி 18, ஞாயிறு. எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு அப்படியே வத்தல் அக்கா வீட்டுக்கு.

தேன்மொழி: “அக்கா, உங்க வீட்டு மாடி பெருசுதானே?”

மாடி பெரிதுதான். அதுவா இப்போது பிரச்சினை? வேலை இருக்கும்போல என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று எழுதி அழித்தேன். இன்னும் பன்னிரண்டு நாள் கழித்து வரப்போகிற காய்ச்சலை எவன் நம்புவான்.

லோடுமேன் முருகன், “என்ன அண்ணாச்சி, போனைப் பாத்து வேர்க்குது?” என்றான். வெயில் என்றேன்.

மாசி 10, சனி

மேகமூட்டம். வத்தல் காயப்போட்டவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டே அள்ளுகிறார்கள்.

பதினொன்றாவது பாகம். பான், நாளைக் காலை முதல் படகில் ஊரை விட்டுப் போகிறான். நீயும் வந்துவிடு என்கிறான். கெம் ஒன்றும் சொல்லவில்லை. அத்தோடு நிறுத்திவிட்டார்கள், பாவிகள்.

குழுவில் ஒரே கூச்சல். கெம் போவான், கண்டிப்பாகப் போவான், ஓடிப்போய்க் கையைப் பிடிப்பான், பின்னால் பாட்டு வரும். ஆளாளுக்கு முடிவு எழுதினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதினொரு பாகமாக அப்பா முன்னால் தலையைத் தூக்காதவன் பன்னிரண்டாவதில் எப்படிப் போவான்?

எழுதினேன்: “போகமாட்டான். சரக்கு வந்து இறங்குதுன்னு ஒரு சாக்கு வச்சுக்கிட்டு கடையிலேயே உக்காந்துருவான். நான் போகலை.”

கடைசி இரண்டு வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அழிப்பதற்குள் படித்துவிட்டார்கள். தேன்மொழி மட்டும், “அக்கா... சாப்பிட்டீங்களா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்று எழுதினேன். நல்ல பிள்ளைகள்.

மாசி 11, ஞாயிறு

பென்சில் தனியாக எழுதியிருக்கிறாள். நாலைந்து தடவை படித்தேன்.

வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், திருத்தங்கல்லில். பங்குனியில் பூ வைக்கிறார்கள். அவளுக்கு வேண்டாம். அதே பிரஸ்ஸில் லேமினேஷன் பார்க்கிற செல்வி என்கிற பிள்ளையும் இவளும் ஒருத்திக்கொருத்தி. தொடரில் வருகிற மாதிரித்தான், பையன்களுக்குப் பதில் இவர்கள். கோயமுத்தூரில் இரண்டு பேருக்கும் வேலை தர ஒரு கம்பெனி இருக்கிறதாம். செல்விக்குப் பயம். நீ கல்யாணம் பண்ணிக்கோ, பிறகும் நாம் ஃபிரண்டாக இருந்துக்கலாம், யாருக்கும் சங்கடம் இல்லை என்கிறாளாம்.

முடிவில்: “இதை யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. நீங்க போகலைன்னு எழுதுனீங்கல்ல, அதைப் பாத்ததும் உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. பொம்பளைக்குத்தான் பொம்பளை கஷ்டம் புரியும். அடுத்த ஞாயிறு நேர்ல பேசணும். என்ன செய்யன்னு நீங்கதான் சொல்லணும்.”

காப்பி ஆறிப்போனது. கோமதி வந்து டம்ளரைப் பார்த்துவிட்டு, “உடம்புக்கு என்ன அத்தான்?” என்றாள். ஒன்றுமில்லை.

இதுவரை நான் ஏமாற்றியது பெரிய தப்பாகத் தெரியவில்லை. கருவாடு, மழை, பாட்டு, அவ்வளவுதானே என்று இருந்தேன். இப்போது ஒரு பிள்ளை தன் உயிரை ஒரு அக்காவின் கையில் கொடுத்திருக்கிறது. அப்படி ஒரு அக்காவே கிடையாது.

மாசி 13, செவ்வாய்

நேற்று முழுவதும் எழுதினேன், அழித்தேன். எழுத்தில் என்ன சொன்னாலும் அக்கா சொன்ன மாதிரியே இருக்கிறது.

இன்றைக்கு மதியம் கிட்டங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு குரலில் அனுப்பினேன். சொன்னது ஏறக்குறைய இது: “ஏம்மா, நான் அக்கா இல்ல. ஆம்பளை. அம்பது தாண்டுன ஆளு. மொத நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. உன்னைய வேவு பாக்கணும்னு இல்ல. இதையெல்லாம் பேச எனக்கு வேற எடம் கிடையாது. நீ சொன்னது என்னோட போகும், பயப்படாத. கடை இங்கன இருக்கு, ஞாயித்துக்கிழமையும் இருப்பேன். வந்து திட்டணும்னாலும் திட்டு.” கடையின் பெயர், தெரு எல்லாம் சொன்னேன். நடுவில் வத்தல் நெடிக்கு இருமல். அதுவும் சேர்ந்தே போய்விட்டது.

கேட்டுவிட்டாள் என்று காட்டுகிறது.

கடை அடைக்கிற வரை பதிலுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி 14, புதன்

குழுவிலும் நானே சொன்னேன். பென்சில் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம், அவள் தலையில் அந்தப் பாரமும் எதற்கு.

தேன்மொழி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நாங்க இங்க என்னென்னமோ பேசியிருக்கோம் சார். வயித்துவலி முதக்கொண்டு. ஒரு ஆம்பளை படிச்சிட்டு இருக்காருன்னு தெரிஞ்சா பேசியிருப்போமா? நீங்க கெட்டவர்னு சொல்லல. ஆனா அது எங்க வீடு மாதிரி.”

நியாயம். ஒரு வார்த்தை தப்பில்லை. மன்னிச்சுக்கோங்கம்மா என்று எழுதினேன். போய்ச் சேர்ந்ததா தெரியாது. அதற்குள் நீக்கிவிட்டாள்.

சார் என்றுவிட்டாளே. அதுதான் உறுத்துகிறது.

மற்றவை: முருகனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ போட்டாயிற்று. ஈர வத்தல் மூட்டை இரண்டைத் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்தவன் வாய்க்கு வந்தபடி பேசினான். இன்றைக்கு எல்லோரும் பேசுகிற நாள் என்று கேட்டுக்கொண்டேன்.

மாசி 17, சனி

கடைசிப் பாகம். தமிழ் எழுத்து இல்லாமல் பார்த்தேன். எல்லாம் புரிந்தது.

போகிறான். கெம் போகிறான். சரக்கு வண்டி வந்து வாசலில் நிற்கிறது. ஆள் இறக்கிக்கொண்டிருக்கிறான், இவன் சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டு இறங்கி நடக்கிறான். ஓடவில்லை. பாட்டும் இல்லை. சும்மா நடக்கிறான். அப்பன்காரன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். படகு கிளம்பவில்லை. பான் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

சீசன் நேரத்தில் எவன் இப்படிக் கடையை விட்டுப் போவான் என்று எழுதத்தான் கை போனது. எங்கே எழுத? மொட்டை மாடியில் ஒற்றை ஆளாக அழுதேன். வெட்கமாக இல்லை.

கோமதி துணி எடுக்க வந்தாள். “சேந்துட்டானுகளா?” என்று மட்டும் கேட்டாள். சேர்ந்துவிட்டார்கள் என்றேன். “சந்தோசம்” என்றாள். அவளும் நினைப்பில் வைத்திருந்திருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் நான் கேட்ட ஒரே விமர்சனம்.

மாசி 18, ஞாயிறு

காலையில் கடைக்குப் போய்ப் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்தேன். பென்சில் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். தரம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்து பத்தரைக்கு ஒரு பிள்ளை குனிந்து உள்ளே வந்தது. ஒல்லி. தோளில் பை. வந்ததும் தும்மல். வத்தல் பழக்கமில்லை. தும்மித் தும்மியே திட்டினாள்.

“அக்கா அக்கான்னு எம்புட்டு ஆசையா கூப்பிட்டேன்! அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“தப்புதாம்மா.”

“நாலு நாளா சோறு இறங்கல. எங்க வீட்டுல வந்து சொல்லிருவீகளோன்னு. செல்வி கெடந்து அழுகுறா, யாருன்னு தெரியாத ஆளுகிட்ட ஏன் சொன்னன்னு.”

“சொல்லமாட்டேன்.”

“அது தெரியும். சொல்றவுக கடை அட்ரஸ் குடுப்பாகளா?” மறுபடி தும்மல். “இருந்தாலும் கோவம் தீரல.”

தீர வேண்டாம் என்றேன். வெளியே கூட்டிக்கொண்டு வந்து நெடி இல்லாத இடத்தில் ஸ்டூல் போட்டேன். டீ வாங்கினேன். பாதி டம்ளர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

“‘நான் போகலை’ன்னு எழுதுனீகள்ல. அதாச்சும் நெசமா?”

“அது நெசம்.”

சொன்னேன். ராசையா என்று பெயர் சொல்லியே சொன்னேன். வாலிபத்தில், பம்பாயில் இருவரும் சேர்ந்து கடை போடுவதாகப் பேச்சு. அவன் ஸ்டேஷனில் நின்றான். லோடு வருகிறது என்று நான் இதே கடையில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் ரயில் ஏறவில்லை. திரும்பி சிவகாசிக்கே போய்விட்டான். கல்யாணம், பிரஸ், பேரன் வரை ஆகிவிட்டது.

“இப்ப உங்ககூடப் பேசுவாரா?”

“பேசாம என்ன? வருசம் பொறந்தா காலண்டர் கொண்டாந்து குடுப்பான். டீ குடிப்போம். வத்தல் என்ன வெலை போகுதும்பான். சொல்லுவேன். போயிருவான்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். ஃபிரண்டு.”

டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், உள்ளே கடையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து அங்கேயே நின்று பேசினாள். “ஏ செல்வி, கோயமுத்தூருக்குச் சரின்னு சொல்லிரு. ரெண்டு பேருக்குந்தான். அழுகாம சொல்லு. நான் வாரேன்.”

“என்னம்மா, இம்புட்டு வெரசா? யோசிச்சுக்கிட்டு...”

“வருசத்துக்கு ஒரு காலண்டர் எனக்குப் பத்தாது, அண்ணாச்சி.”

“எனக்கும் பத்தலம்மா.”

வாயை விட்டு வந்துவிட்டது. பஜார் நடுவில், பட்டப்பகலில்.