உனக்கு அடித்த வெறும் ஃபிளாஷ்

செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, "வாடா, துன்னியா?" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கும் என் வசந்தி அக்காவுக்கு,

பிலிம் கழுவி வந்துவிட்டது. "இன்னும் வர்லியாடா? ஊறப்போட்டுத் தோய்க்கிறானுங்களா?" என்று போன் போட்டு நச்சரித்தாயே, அதே ரோல்தான். நீ போய் மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறது. முப்பத்தாறு படத்தில் ஒன்றில்கூட நீ இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் மகள் கீர்த்தனாவின் பிறந்தநாளுக்கு உன் சேக்காட்டு வீட்டுக்கு அந்தக் கேமராவோடு வந்தேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கேமராவைப் பார்த்து, "இன்னாடா இது, காயலாங்கடை சாமான்?" என்று சிரித்தாய். அதன் பின்னால் இருக்கிற குட்டி ஜன்னலில் கண்ணை வைத்தால் ஆள் இரண்டாகத் தெரியும், லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும் என்று காட்டினேன். "ஒரு வசந்தியையே உங்க மாமா தாங்க மாட்டாரு. இதுல ரெண்டா?" என்றாய். வீடே சிரித்தது.

யாராவது போனை நீட்டினால் உடனே முந்தானையால் வாயை மூடிக்கொள்வாய். எத்துப்பல். கல்யாண ஆல்பத்திலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு மட்டும் நீயாக வந்து சுவரோரம் நின்றாய்.

"டேய் குமாரு, என்ன ஒண்ணு எட்றா. நல்லா சிரிச்சிகினே நிக்கிறேன். போன்ல எட்த்தா ஒடனே பாத்துட்டு அழிக்கச் சொல்லுவேன். இதுல பாக்க முடியாதுல்ல, அதான் தைரியம்."

அப்போது பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். கேக் வெட்டுவதற்கென்று வைத்திருந்தேன். அங்கே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் தொல்லை கொடுப்பவர்களைச் சமாளிக்க போட்டோகிராபர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஷட்டரைத் தொடாமல், ஃபிளாஷின் பின்னால் இருக்கிற சோதனைப் பொத்தானை மட்டும் அமுக்குவார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், படம் விழாது. அதை உனக்குச் செய்தேன் அக்கா. கூடப்பிறந்தவளுக்கு.

"இன்னாடா, சத்தமே வர்ல?" என்று கேட்டாய்.

"இந்தக் கேமராவுல சத்தம் வராதுக்கா."

நம்பிவிட்டாய். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாரிடமும் "என் தம்பி எட்த்துகிறான், வந்தா காட்றேன்" என்று சொல்லிவைத்தாயாமே. ஏன் அக்கா அவ்வளவு சுலபமாக நம்பினாய்?

பத்திரப்படுத்திய அந்தக் கடைசிப் படம் என்ன ஆனது தெரியுமா? ஒருமுறை அடித்தால் ஃபிளாஷ் மறுபடி நிரம்பக் கொஞ்ச நேரம் வேண்டும். பின்னால் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தால்தான் தயார் என்று அர்த்தம். உனக்குப் பொய்யாக அடித்ததில் அது காலி. நான் விளக்கைப் பார்க்காமல் அவசரத்தில் ஷட்டரை அமுக்கினேன். படத்தில் பன்னிரண்டு மெழுகுவத்திச் சுடர்கள், சுற்றிலும் இருட்டு. எனக்கு நல்லா வேணும்.

பிறந்தநாள் கழிந்து பதினோராம் நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்திலும் முந்தானை உன் வாயில்தான் இருக்கிறது. எல்லார் போனிலும் தேடினோம், வேறு கிடைக்கவில்லை.

நேற்று மாமா கீர்த்தனாவைத் திருமுல்லைவாயிலுக்கு என் வீட்டுக்கு அழைத்துவந்தார். வந்ததும் வராததுமாக அவள் என்னிடம், "மாமா, அம்மா சிரிக்கிற படம் வந்துச்சா?" என்றாள். கழுவுகிற இடத்தில் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டே கேட்டாள் அக்கா. உன் பல்தானே அவளுக்கும். அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். வாயை மறைத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"சரி மாமா, படம் வேணா. நீ கேமராவுல பாத்தல்ல? அம்மா வாய மூடாம சிரிச்சா எப்டி இருந்துச்சு? அத்தயாச்சும் சொல்லு."

நான் பார்க்கவில்லையே அக்கா. கேமரா உன் பக்கம் இருந்தது, என் கண் கேக் மேல் இருந்தது. அந்த ஜன்னலில் நீ இரண்டாகவே நின்றிருப்பாய். ஒன்றாக்க நான் லென்ஸைத் தொடக்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்?

புது ரோல் போட்டு வைத்திருக்கிறேன். முதல் படம் கீர்த்தனாதான். அவள் கையை இறக்கும்வரை காத்திருப்பேன். இரண்டை ஒன்றாக்கி, ஆரஞ்சு விளக்கு எரிந்த பிறகு, அவள் சிரிப்பை முதலில் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் அமுக்குவேன். படம் கெட்டாலும் கேட்கிறவர்களுக்கு என்னால் வாயால் சொல்ல முடியணும். இது உன்மேல் சத்தியம்.

நீ கடைசியாக யாரைப் பார்த்துச் சிரித்து நின்றாயோ, அந்த உன் தம்பி,
குமாரு