மாட்டுத் தடத்தில் கதிர்க்குருவி

மலர்,

"மிதிவெடிக்குள்ள குருவி பார்க்கப் போறியளோ?" என்று நீர் இப்போது போட்ட சத்தம் முரசுமோட்டை முழுக்கக் கேட்டிருக்கும். இனி நான் ஒருவருக்கும் புதினம் சொல்லத் தேவையில்லை. நீர் கிணற்றடிக்குப் போன கையோடு வெளிக்கிடுகிறேன்.

கதிர்க்குருவிகள் வந்துவிட்டன. பொன்னையாவின் மாடுகள் மிதித்த தடத்தில்தான் கால் வைப்பேன். தொலைநோக்கி அலுமாரியில் இருக்கிறது. அதோடு போனால் உளவாளி என்பார்கள். காதால் பார்த்தால் போதும்.

புட்டு குசினியில். நான் அவித்தது, கல்லாக இருந்தால் கோழிக்குப் போடும்.

பத்து மணிக்கும் வராவிட்டால் நீர் தேடி வராதேயும். பொன்னையாவுக்குச் சொல்லி அனுப்பும்.

பி.கு: போன வருசம் என்னோடு வந்த தில்லைநாதன், குருவியைக் கண்டு தடத்தை விட்டு ஒரு எட்டு விலகித்தான் செத்தார். அவருடைய மனுசி வருசம் முடிந்து செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு முன்னமே நெளுக்குளத்தில் மறுமணம் செய்துவிட்டாவாம். நீர் திவசம் மட்டுமாவது பொறும்.